சத்தமில்லாத ஜப்பான் கார்

புத்தூர் மில்லில் என் அப்பா வாட்ச்மேன்; நைனா என்றுதான் கூப்பிடுவேன். முதலாளி ஜப்பான் சொகுசு கார் வாங்கியபோது, பூஜை முடிந்து சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்க நைனா குனிந்தார். முதலாளி ஸ்டியரிங் முன்னால் போனில் பேசிக்கொண்டிருந்தார். இன்ஜின் சத்தமே இல்லை. கற்பூரத் தட்டோடு நின்ற நான் ஜன்னல் வழியே பார்த்தேன். டாஷ்போர்டில் 'ரெடி' என்று பச்சை எழுத்து எரிந்தது; வண்டி ஆன் ஆகிவிட்டது என்று அர்த்தம். பேட்டரியில் ஓடும் கார் ஓசையின்றிக் கிளம்பும் என்று கல்லூரியில் படித்திருக்கிறேன்.

"நைனா, எய்ந்திரு!" என்று அலறினேன்.

"வண்டி ஸ்டார்ட்டே ஆவல, இன்னாத்துக்கு கத்துற?" என்று எரிச்சலோடு எழுந்தார். கூட்டம் சிரித்தது.

அந்த நொடியே கார் நகர்ந்து பழத்தை நசுக்கியது. நைனா தன் கையையே பார்த்துக்கொண்டு நின்றார்.

எங்கள் வீட்டில் முதலில் படித்தவள் நான். நைனா சோறு பிசையும்போதெல்லாம் அந்த விரல்களை இன்னும் பதற்றத்தோடுதான் பார்க்கிறேன்.