மிஸ் கொடுத்த காளான் அட்டை

என்னிடம் ஒரு அட்டை இருக்கிறது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரியது. பாதி வெள்ளைக் காகிதம், பாதி கறுப்புக் காகிதம், நடுவில் சேர்த்து ஒட்டியது. வெள்ளைப் பாதியில் ஒரு வட்டம். கத்தரிப்பூ கறுத்த மாதிரி நிறம். சைக்கிள் சக்கரத்துக் கம்பி போல நெருக்கமாகக் கோடுகள். கறுப்புப் பாதியில் இன்னொரு வட்டம், பச்சரிசி மாவு தூவினாற்போல வெளுத்தது. அதன் ஓரம் மட்டும் ஒரு இடத்தில் கலைந்திருக்கிறது. காளான் குடையை அறுத்துக் காகிதத்தில் கவிழ்த்து, மேலே கிண்ணம் மூடி ஒரு ராத்திரி விட்டால், அதன் தூள் உதிர்ந்து இப்படி அச்சு விழும். கண்ணாடி போட்டுச் சட்டம் அடித்து மாட்டியிருக்கிறேன். போன மாதம் பேரன் வந்தான். கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அவன் ஆபீசில் யாரோ போதைக் காளானை நகக்கண் அளவு சாப்பிட்டுவிட்டுத்தான் காலையில் வேலைக்கு வருகிறார்களாம். மைக்ரோடோசிங் என்று பேராம். மனசு லேசாகுமாம், வேலை ஓடுமாம். "உனக்கு இதெல்லாம் புரியாது தாத்தா" என்றான். நான் சுவரில் இருந்த அட்டையைப் பார்த்தேன். அவன் போன பிறகு எழுத உட்கார்ந்தேன். எட்டாவது வரைதான் படிப்பு. வந்தவரை எழுதுகிறேன்.

எழுபதுகளின் தொடக்கம். தாம்பரத்தில் ஒரு கல்லூரியில், தாவரவியல் லேபில் நான் அட்டெண்டர். கண்ணாடி கழுவுவது, தராசு துடைப்பது, செடி கொடி காயவைப்பது என் வேலை. அங்கே ஒரு டெமான்ஸ்ட்ரேட்டர் மிஸ் இருந்தார். நாற்பதைத் தாண்டியவர், கல்யாணம் இல்லை. வெள்ளைச் சேலை, கறுப்புக் குடை, அதிர்ந்து பேசாத குரல். மற்ற எல்லோருக்கும் நான் "இந்தாப்பா", "டேய்". அவருக்கு மட்டும் "அட்டெண்டர், நீங்க". ஒரு பீக்கரை நான் உடைத்தாலும் அதே "நீங்க"தான். வருஷக்கணக்கில் அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த லேபில் நிமிர்ந்து நடந்திருக்கிறேன்.

வீட்டில் நிலைமை வேறு. பெருங்களத்தூரில் ஓட்டு வீடு. நான், என் பெண்சாதி. எங்களுக்கு ஒரு பெண் குழந்தை இருந்தது. இரண்டு வயசில் காய்ச்சல் வந்து மூன்றே நாளில் போய்விட்டது. நான் அழவில்லை. குழியில் மண் தள்ளிவிட்டு மறுநாளே வேலைக்கு வந்தேன். அதற்குப் பிறகு பாப்பா என்ற சொல் என் வாயில் வரவில்லை. என் பெண்சாதி அந்தப் பேச்செடுத்தால் எழுந்து வெளியே போவேன். ஒன்றரை வருஷம் இப்படியே போனது. ஒருநாள் அவள், "சுவத்தோட குடும்பம் நடத்த என்னால ஆவாதுய்யா. தீவாளி முடிஞ்சதும் படப்பைக்கே போறேன்" என்றாள். படப்பை அவள் அம்மா வீடு. சொன்னால் செய்கிறவள். போகாதே என்று சொல்ல நினைத்தேன். அதையும் அவளிடம் சொல்ல வாய் வரவில்லை.

அந்த ஐப்பசியில் நல்ல மழை. ஞாயிற்றுக்கிழமை காலையில் ஏரிப் பக்கம் மேய்ச்சல் தரைக்குப் போனேன். புத்துக் காளான் எடுக்கலாம் என்று. முந்தி வந்தவர்கள் புற்றுகளைத் துடைத்துவிட்டிருந்தார்கள். பக்கத்தில் எருமைச் சாணியில் மஞ்சள் தலையோடு கொத்துக் கொத்தாக வேறொரு காளான் நின்றது. தெருவில் என்னைக் "காளான் டிபார்ட்மெண்டு" என்றுதான் கேலி செய்வார்கள். அந்தப் பவுசில் எனக்குத் தெரியாததா என்று துண்டில் முடிந்துகொண்டு வந்தேன். பூண்டு, மிளகு போட்டு அவள் வதக்கிக் கொடுத்தாள். அவளுக்குக் காளான் ஆகாது. நான் மட்டும் சாப்பிட்டேன். அரை மணியில் சுண்ணாம்புச் சுவர் மூச்சு விட்டது. அவள் வளையல் சத்தம் கலராகத் தெரிந்தது. சிரித்தேன். அப்புறம் அழுதேன். ஊரே கேட்கிற மாதிரி பாப்பா, பாப்பா என்று அழுதேன். பக்கத்து வீட்டுக்காரி எட்டிப் பார்த்து, "இன்னாடி, காத்து கருப்பு அடிச்சிருக்கு, வேப்பிலை கொண்டாடி" என்றாள். என் பெண்சாதிக்கு அப்படித் தோன்றவில்லை. ஒரு ஆளைச் சைக்கிளில் மிஸ் வீட்டுக்கு விரட்டினாள்.

மிஸ் சர்ச்சுக்குக் கட்டின சேலையோடு வந்தார். நாற்காலி கேட்கவில்லை. தரையில் உட்கார்ந்தார். மிச்சம் இருந்த ஒரு காளானின் தண்டை நகத்தால் அழுத்தினார். அழுத்தின இடம் கொஞ்ச நேரத்தில் நீலமாக மாறியது. "போதைக் காளான். சாயங்காலம் தெளிஞ்சிடும். வாந்தி வந்து நிக்கலேன்னா ஆஸ்பத்திரிக்குப் போயிடலாம். அதுவரைக்கும் நான் இருக்கேன்" என்றார். நாலு மணி நேரம் அப்படியே இருந்தார். நான் உளறினதையெல்லாம் கேட்டார். எனக்குத் தெளிந்தபோது என் பெண்சாதி என் தலையைத் தன் மடியில் வைத்திருந்தாள். ஒன்றரை வருஷத்துக்குப் பிறகு.

மறுநாள் மிஸ் என்னையே கூட்டிக்கொண்டு போய் அந்த இடத்தில் மிச்சக் காளான்களை எடுத்தார். இரண்டு குடையை மட்டும் அச்சுக்கு எடுத்துக்கொண்டு மற்றதை வெயிலில் காயவைத்து, பழுப்புப் பாட்டிலில் போட்டு, "சாப்பிடக் கூடாது" என்று சிவப்பு மையில் சீட்டு ஒட்டினார். சீட்டின் அடியில் பொடியாக ஒரு எண் எழுதினார். அலமாரிச் சாவி அவரிடம், இன்னொன்று என்னிடம். தினமும் பெருக்கத் திறக்கிறவன் நான்தானே.

நான் திருடினேன். ஒளிக்க ஒன்றுமில்லை. காலையில் ஒரு துணுக்கு, நகக்கண் அளவு, டீயோடு. சுவர் மூச்சு விடவில்லை, ஒன்றும் ஆடவில்லை. ஆனால் சாயங்காலம் வீட்டுக்குப் போனால் வாய் திறந்தது. பாப்பா எப்படி உட்காரும், எப்படித் தூங்கும் என்று ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. தீபாவளி வந்தது, போனது. அவள் படப்பைக்குப் போகவில்லை. பத்து நாளுக்கு மேல் ஆனதும் மிஸ் பாட்டிலில் இருந்ததை இடித்துத் தூளாக்கி வைத்திருந்தார். "பூச்சி அரிக்குது அட்டெண்டர்" என்றார். எனக்கு நல்லதாகப் போயிற்று என்று சிட்டிகை சிட்டிகையாக எடுத்தேன். நடுவில் ஒரு நாள் எங்கள் வீட்டுப் பக்கம் வந்தவர், பன் ரொட்டி கொடுத்துவிட்டு, "இப்ப எப்படி இருக்கார்?" என்று அவளைக் கேட்டிருக்கிறார். "பேசறாரு மிஸ். நெறைய இல்ல. ஆனா பேசறாரு" என்றாளாம்.

தூள் அடி தட்டியது.  தூள் போனால் நான் மறுபடி சுவர், அவள் மறுபடி படப்பை. மழை முடியப்போகிற நேரம். நானே போய்ப் பறிக்கலாம் என்று ஒருநாள் பையை எடுத்துக்கொண்டு லேபைவிட்டுக் கிளம்பினேன். வாசலில் மிஸ். "பைல என்ன எடுக்கப் போறீங்க?" பையை முதுகுக்குப் பின்னால் மறைத்தேன். "மஞ்சள் தலையில எது எதுன்னு உங்களுக்குத் தெரியுமா? ஒண்ணு மாறினா ஈரலே போயிடும். உள்ள வாங்க."

தராசு மேஜை முன்னால் உட்காரவைத்தார். பாட்டிலைத் தட்டில் வைத்து நிறுத்தார். சீட்டின் அடியில் இருந்த எண்ணைக் காட்டினார். அது எடை. முதல் நாள் எழுதியது. தினமும் அந்தத் தராசைத் துடைக்கிறவன் நான், அது எனக்குத் தெரியவில்லை. எடை குறைவது மூன்றாம் நாளே அவருக்குத் தெரிந்துவிட்டதாம். ஒரு வாரம் என்ன செய்வது என்று யோசித்தாராம். பிறகு இந்த அட்டையை மேஜைமேல் வைத்தார். கறுத்த வட்டத்தைத் தொட்டு, "முதல் பத்து நாள் நீங்க சாப்பிட்டது இது" என்றார். வெளுத்த வட்டத்தைக் காட்டி, "தூளாக்கின பிறகு சாப்பிட்டதெல்லாம் இது. புத்துக் காளான். கூடைக்காரிகிட்ட வாங்கி எங்க வீட்டு மாடியில காயவெச்சது. ஊரே குழம்பு வெக்கிறது. அதுல ஒண்ணும் கிடையாது."

எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஏமாற்றிவிட்டீர்கள் என்றேன். "ஆமாம், ஏமாத்தினேன்" என்றார். "பிரின்சிபாலுக்குத் தெரிஞ்சா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும். அதுவும் தெரியும்." அப்புறம் பாட்டிலைத் தராசிலிருந்து எடுத்து வைத்துவிட்டுச் சொன்னார். "அன்னிக்கு அழுதது காளான். இல்லேன்னு சொல்ல மாட்டேன். இந்த அஞ்சு வாரமா பேசினது நீங்க." நான் நம்பவில்லை. அட்டையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, சொல்லாமல் கொள்ளாமல் கிளம்பினேன்.

அன்று வீட்டுக்குத் தூளின் துணையில்லாமல் வெறும் ஆளாகப் போனேன். தட்டு முன்னால் உட்கார்ந்தேன். சோறு போட்டாள். வாய் வரவில்லை.  அவள் என் முகத்தைப் பார்த்தாள். அவளுக்கும் புரிந்தது, பழையபடி ஆகிவிட்டேன் என்று. கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள். சட்டையைக் கழற்றும்போது அட்டை கீழே விழுந்திருந்தது. எடுத்தாள். "இன்னாய்யா இது, கோலமா?" என்று வெளுத்த வட்டத்தின் ஓரத்தில் விரலை வைத்தாள். தூள் விரலோடு இழுபட்டது. "ஐயே, அழிஞ்சி பூட்சே" என்றாள்.

"பாப்பாவும் இப்பிடித்தான் கோலத்துல கையை வெச்சி இழுக்கும்" என்றேன்.

எப்படி வந்தது என்று தெரியாது. வந்தது. அவள் அசையாமல் நின்றாள். "இழுத்துட்டு வாயில வேற வெச்சிக்கும்" என்றாள். "நீதான் பாத்துகினு சும்மா இருப்பே." ஆமாம் என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். அப்புறம் அழுதோம். சோறு ஆறிப் போனது.

மறுநாள் மிஸ்ஸிடம் மன்னிப்புக் கேட்கப் போனேன். எனக்கு அதுவும் வாய் வரவில்லை. அலமாரிச் சாவியை எடுத்து அவர் மேஜைமேல் வைத்தேன். அவர் அதை என் பக்கமே தள்ளினார். "பெருக்கறதுக்கு யார் திறப்பாங்க அட்டெண்டர்? நீங்கதான்" என்றார். அவ்வளவுதான். பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அவரோடு வேலை செய்தேன். ஒரு தடவைகூட அந்தப் பேச்சை எடுத்ததில்லை. எத்தனையோ பெரிய மனிதர்களுக்குக் கதவு திறந்துவிட்டிருக்கிறேன். ஒரு திருடனை நிறுத்துப் பார்த்துவிட்டு "நீங்க" என்று சொன்னவர் அவர் ஒருத்தர்தான்.

அதற்குப் பிறகு எங்களுக்கு ஒரு மகன் பிறந்தான். அவன் பிள்ளைதான் இந்தப் பேரன். அடுத்த தடவை வரும்போது இதையெல்லாம் சொல்வேன். மாத்திரையோ காளானோ, யாருக்கு என்ன செய்யும் என்று எனக்குத் தெரியாது. எனக்கு நடந்தது இது.

மிஸ் போய் ரொம்ப நாளாகிறது. என் பெண்சாதி போய் இரண்டு வருஷம். காலையில் சட்டத்தின் கண்ணாடியைத் துடைக்கும்போது அட்டையைப் பார்க்கிறேன். கறுத்த வட்டம் குலையாமல் அப்படியே இருக்கிறது. அதில் எனக்கு வேலையில்லை. வெளுத்த வட்டத்தின் ஓரத்தில்தான் கண் போய் நிற்கிறது. அந்தக் கலைந்த இடம் அவள் விரல்.