தட்டாத பெட்டி

வருஷத்தில் முக்கால்வாசி நாள் ஆறு மணலாகக் கிடக்கும் பள்ளத்தாக்கு அது. வெயிலுக்கு மட்டும் பஞ்சமே இல்லை, மாதுளைக்கு அது போதும். ஊரின் பழம் முழுக்க ஒரே கொட்டகைக்கு வரும். அங்கே இருபது வருஷமாக ஒவ்வொரு பழத்தையும் விரல்முட்டியால் தட்டிப் பார்த்துப் பெட்டிக்கு முத்திரை வைப்பவள்தான் தட்டக்கா. பழுத்தது ‘ணங்’கென்று பேசும், பழுக்காதது ‘தொம்’மென்று கிடக்கும். சொந்தப் பெரியப்பாவின் பழத்தையே, “கோவிச்சுக்காதீங்க பெரியப்பா, வாயத் திறக்க மாட்டேங்குது” என்று திருப்பி அனுப்பியவள்.

தம்பியின் பெட்டியை மட்டும் தட்டமாட்டாள். இடுப்பில் தூக்கி வளர்த்த பிள்ளையாம்! மேல்வரிசையைக் கண்ணால் பார்த்து முத்திரையை வைத்துவிடுவாள். இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்வது!

ஒரு நாள் காலை சந்தையிலிருந்து தம்பியின் பெட்டிகள் இருபதும் லாரியில் திரும்பி வந்தன. மேலே பழம், அடியில் அத்தனையும் வெளுத்த பிஞ்சு. எல்லாவற்றிலும் அவள் முத்திரை. கொட்டகை மேலாளர் அதிகம் பேசவில்லை. “நாளைலேர்ந்து நீங்க பழம் கழுவப் போங்கம்மா” என்றார்.

அவளுக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் சுடு மணலில் ஆற்றைக் கடந்து தம்பியின் தோட்டத்துக்குப் போனாள்.

“ஏன்டா இப்படிப் பண்ணின?”

“தண்ணி நின்னுபோச்சுக்கா. விட்டா எல்லாம் வெடிச்சிடும்னு பாதிய முன்னாடியே பறிச்சேன்.”

“சரி, பறிச்ச. அடியில வச்சு ஏன்டா மறைச்ச?”

அவன் தலையைச் சொறிந்தான். “நீதான் தட்டமாட்டியே.”

பாவி! ஓங்கி ஓர் அறை விட்டிருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது. அவள் பாசத்தைக் கணக்குப் போட்டல்லவா பிஞ்சை அடுக்கியிருக்கிறான்! கிளம்பும்போது பின்னாலேயே ஓடிவந்தான்.

“அக்கா, இது நம்ம வீட்டு விஷயம். வெளிய சொல்லிடாத.”

மறுநாள் கொட்டகை நிறைய ஆட்கள் இருந்த நேரம், திரும்பிவந்த பெட்டி ஒன்றை நடுவில் இழுத்துப் போட்டாள். அடியிலிருந்து ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டினாள். தொம். தொம். தொம். கழுவுகிற பெண்கள்கூட ஈரக்கையோடு எழுந்து வந்துவிட்டார்கள்.

“நல்லாக் கேட்டுக்கோங்க. இது என் தம்பி பழம். உங்க பழத்தையெல்லாம் தட்டிட்டு, இதத் தட்டாம முத்திரை வச்சது நான். அவன் திருடன்னா நானும் திருடிதான்.” குரலில் அழுகை இல்லை, ஆத்திரம்.

முத்திரையை மேலாளரின் மேஜையில் வைத்தாள். “கழுவுற வேலைக்கே போறேன். அவன் பெட்டி வந்தா மட்டும் என்னக் கூப்பிடுங்க.”

பத்து நாள் கழித்துக் கூப்பிட்டார். கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். பெட்டியைக் கவிழ்த்து அடிவரிசைப் பழத்தை முதலில் எடுத்தாள். ணங். அடுத்தது, ணங். எல்லாமே நல்ல பழம்தான். எதிரே நின்ற தம்பிக்குக் கண் கலங்கிவிட்டது.

“அதான் எல்லாம் நல்லாருக்கே. இன்னும் நம்பிக்கை வரலியாக்கா?”

“வரலடா” என்றவள், அடுத்த பழத்தை எடுத்துத் தட்டினாள்.