சித்தி பேசிய ஆங்கிலம்

பலெர்மோவுக்கு வந்து சேர்ந்த புதிதில் என் சித்திக்கு இத்தாலி மொழியில் காலை வணக்கமும் தக்காளியும் மட்டுமே தெரியும். ஆங்கிலத்தில் அதுவும் தெரியாது. அப்படிப்பட்டவரை, நன்றாக ஆங்கிலம் கதைப்பார் என்று மாதா கோயில் வாசலில் ஓர் ஆங்கிலேய மூதாட்டியிடம் சொல்லிவிட்டு வந்தார் மாமா. பொலிதேயாமா பக்கம் தனியாக வசித்த அந்த மூதாட்டிக்கு வீட்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், அந்த ஆளோடு தன் பாஷையில் பேசவும் வேண்டும். சித்திக்கோ யாராவது வேலை தந்து எழுதிக் கொடுத்தால்தான் பெர்மெசோ. அந்த அனுமதி இல்லையென்றால் இந்த நாட்டில் இருக்க முடியாது.

மாமா, அம்மாவுக்கும் சித்திக்கும் அண்ணன். கொழும்பு ஹோட்டல் ஒன்றில் வெள்ளைக்காரருக்குச் சாப்பாடு பரிமாறியவர். ஆங்கிலத்தை ஒரு வாரத்தில் கற்றுக்கொடுக்க முடியாது, ஆனால் அதன் ராகத்தைக் கற்றுக்கொடுக்கலாம் என்பது அவர் கட்சி.

“சொல்லை விடு பிள்ளை. குரல் கீழை இறங்கினா கதை முடிஞ்சுது, நீ ‘ஒஃப் கோர்ஸ்’ சொல்லு. மேலை ஏறினா கேள்வி, சிரிச்சுக்கொண்டு அதையே சொல்லு. நடுவிலை நிண்டா இன்னும் இருக்கு, ‘ம்ம்’ எண்டு காத்திரு.”

‘ஒஃப் கோர்ஸ்’ஸுக்கே ஒரு நாள் போயிற்று. நாம் எல்லா எழுத்துக்கும் சரிசமமாகச் சோறு போடுகிறவர்கள். ஆங்கிலேயரோ ஒரு துண்டை அழுத்திக் கடித்து மிச்சத்தை விழுங்கிவிடுவார்கள். மாமா சட்டி மூடியில் கரண்டியால் தட்டித் தட்டி, ‘ஒஃப்’பை விழுங்கவும் ‘கோர்ஸ்’ஸை அழுத்தவும் பழக்கினார். பிறகு தலையில் துவாயைக் கட்டிக்கொண்டு தானே மூதாட்டியாகி, வாய்க்கு வந்ததையெல்லாம் ஏற்றி இறக்கிப் பேசினார். சித்திக்கு நல்ல பாட்டுக் காது, சீக்கிரம் பிடித்துக்கொண்டார். நாங்கள் வயிறு நோகச் சிரித்தோம்.

“பிடிபட்டா என்ன செய்யிறது அண்ணை?” என்று மட்டும் சித்தி கேட்டுக்கொண்டே இருந்தார்.

“நான் பொறுப்பு,” என்ற மாமா, மூதாட்டி வரச்சொன்ன சனிக்கிழமை தனக்கு வேலை என்று சொல்லி என்னைத் துணைக்கு அனுப்பினார்.

போகும் வழியெல்லாம் சித்தி ‘ஒஃப் கோர்ஸ்’ஸை முணுமுணுத்துக்கொண்டே வந்தார். மூதாட்டி தேநீர் ஊற்றித் தந்துவிட்டுக் கதைக்கத் தொடங்கினார். பள்ளிக்கூடத்து ஆங்கிலத்தில் எனக்குப் பாதி விளங்கியது. மழை, முட்டுவலி, பூனை என்று கதை ஏறி இறங்க, சித்தியும் கூடவே ஏறி இறங்கினார். கணவர் இறந்த கதையில் மூதாட்டியின் குரல் ஏறாமல் இறங்காமல் நடுவிலேயே நின்றது. அதற்குச் சித்தி போட்ட நீண்ட ‘ம்ம்’மில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பிறகு அவர் கோப்பையை வைத்துவிட்டு, சித்தியை ஒரு தரம் உற்றுப் பார்த்தார். அதே இனிய குரலை மெல்ல இறக்கி, என் பூனையைப் பால்கனியிலிருந்து எறிந்துவிடுவாய்தானே என்றார்.

“ஒஃப் கோர்ஸ்,” என்றார் சித்தி. அழுத்தம் விழவேண்டிய இடத்தில் விழுந்தது.

எனக்குத் தேநீர் மூக்கில் ஏறியது. பெர்மெசோ போயிற்று என்று நினைத்தேன். மூதாட்டியோ கண்ணாடியைக் கழற்றித் துடைக்குமளவுக்குச் சிரித்தார். அதுவும் ராகத்தில் சேர்த்தி என்று சித்தியும் கூடச் சிரித்தார்.

சிரித்து முடித்து, மூதாட்டி என்னிடம் இத்தாலி மொழியில் பேசினார். அதிலும் அதே ஆங்கில ஏற்ற இறக்கம். திங்கட்கிழமை உன் சித்தி வேலைக்கு வரட்டும், எழுதிக் கொடுக்கிறேன் என்றார். அதோடு நிறுத்தவில்லை. தான் கலியாணம் முடித்து இந்த ஊருக்கு வந்த புதிதில், மாமியார் என்ன சொன்னாலும் ‘செர்த்தோ, செர்த்தோ’ என்று ஆமாம் போட்டாராம். எதெதற்கெல்லாம் சம்மதித்தேனோ, கடவுளுக்குத்தான் தெரியும் என்றார்.

தெருவுக்கு வந்ததும் சித்தி என் தோளை உலுக்கினார். “என்னவாம் பிள்ளை?”

“திங்கக்கிழமை வரட்டாம். எழுதித் தருவாவாம்.”

சித்தி நடுத்தெருவில் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், பிறகு சிரித்தார். வீட்டில் மாமா தன் ராகத்தின் மகிமையை வந்தவர் போனவருக்கெல்லாம் விளக்கினார். பூனையை எறியச் சம்மதித்தவருக்கே வேலை கிடைத்ததால், மூதாட்டிக்குக் காது மந்தம் என்று நானாகவே தீர்மானித்துக்கொண்டேன். அந்த மாமியார் கதையைச் சித்திக்கு நான் மொழிபெயர்க்கவில்லை. வயதானவர்கள் எதையாவது சொல்லிக்கொண்டிருப்பார்கள், வேலைக்கும் அதற்கும் என்ன சம்பந்தம் என்று விட்டுவிட்டேன்.