நாக்கில் ஊறிய சொல்

பக்கவாதத்தில் பேச்சை இழந்தவர்களுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுப்பது என் வேலை. ஒரே சொல்லை நாள் முழுக்கச் சொல்லித் தொண்டை வறண்டவர்களுக்கு என் பாடு புரியும்.

தண்ணி

ஆலங்குடிக்காரர் சிதம்பரம் யோகாசனம் கற்றுக்கொடுத்தவர். விடிகாலையில் மூச்சை இழுத்துவிட்டு ஜபம் செய்வது பல வருஷப் பழக்கம். பக்கவாதம் எல்லாச் சொல்லையும் எடுத்துக்கொண்டு 'நமசிவாய'வை மட்டும் விட்டுவைத்தது. பசித்தாலும் அதுதான், கோபம் வந்தாலும் அதுதான். அப்பாவுக்கு என்ன வேண்டும் என்று புரியாமல், துபாயிலிருந்து லீவில் வந்த மகனுக்கோ பெரிய சங்கடம்.

மூச்சு விடும்போது மந்திரத்தைச் சொல்லவைத்து, அதன் வாலில் 'தண்ணி'யையும் சேர்த்துச் சொல்லப் பழக்கினேன். வாரக்கணக்கில் ஒன்றும் நடக்கவில்லை. ஒருநாள் காலையில் மகன் போன் செய்தார்.

"அப்பா தண்ணி கேட்டாரு மேடம். குடுக்கக்கூடத் தோணாம அப்புடியே நின்னுட்டேன்."

சிக்கிய இடம்

மீமிசல் பள்ளிவாசல் ஹஜ்ரத் குர்ஆன் முழுவதையும் மனப்பாடமாக ஓதக்கூடியவர். பக்கவாதத்துக்குப் பிறகு மனைவி மைமூன் பெயர் அவர் வாயில் வரவில்லை. ஆனால் மைமூன் முதல் சொல்லை எடுத்துக்கொடுத்தால் போதும், அத்தியாயம் தங்கு தடையில்லாமல் ஓடும்.

ஒருநாள் நடுவில் ஒரு வசனத்தில் நின்றுவிட்டார். திரும்ப முதலிலிருந்து தொடங்கினார். அதே இடத்தில் மறுபடி சிக்கியது. தேம்பித் தேம்பி அழுதார். "இன்னைக்குப் போதும் ஹஜ்ரத்" என்றேன். கையால் என்னைத் தடுத்துவிட்டு மீண்டும் தொடங்கினார். வெயில் ஏறிய பிறகுதான் அந்த இடத்தைத் தாண்டினார். மைமூன் அவர் முகத்தைத் துடைத்துவிட்டார்.

"எம் பேரு மறந்தப்பகூட இம்புட்டு அழுகலைங்க."

கை

ஹஜ்ரத்துக்கு இரண்டாம் முறையும் பக்கவாதம் வந்தது. இந்தத் தடவை ஓதலும் போய்விட்டது. கண்ணை மூடியே கிடந்தார். பார்க்கப் போனபோது, கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து அவர் கையைப் பிடித்தபடி மைமூன் ஓதிக்கொண்டிருந்தார். வருஷக்கணக்காகக் கணவர் ஓதியதைக் கேட்டுக் கேட்டே பாடமானதாம்.

"அவருக்குக் கேக்குதாம்மா?" என்றேன்.

"தெரியலைங்க. நான் தப்பா ஓதினா மட்டும் கைய அழுத்துறாக."

'சொன்னதையே சொல்லாதே' என்று யாராவது யாரையாவது அதட்டினால், இப்போதெல்லாம் நான் சண்டைக்குப் போய்விடுகிறேன்.