என் நாத்தனார் மாட்டிய பின்கண்ணாடி

நாத்தனாரைப் புகழ்கிற அண்ணி உலகத்தில் உண்டா என்று கேட்காதீர்கள். இதோ, நான் இருக்கிறேன்.

கார் கண்ணாடி மாற்றும் பட்டறை எங்களுடையது. அதாவது, என் வீட்டுக்காரருடையது. வாசல் மேசையில் உட்கார்ந்து போன் எடுப்பது என் வேலை. தன் தங்கைக்கு அவர் கொடுத்திருந்த வேலை, உடைந்த கண்ணாடியைப் பொறுக்குவது. பின்கண்ணாடி உடைந்தால் கற்கண்டு கற்கண்டாக உதிர்ந்து, சீட் இடுக்கு, டிக்கி மூலை என்று எங்கும் போய் ஒளிந்துகொள்ளும். ஒன்றுவிடாமல் எடுப்பாள். எடுத்துக்கொண்டே அண்ணன் கையைப் பார்த்துத் தொழிலையும் எடுத்துக்கொண்டாள்.

"எனக்கும் ஒண்ணு மாட்டக் குடுங்கண்ணே" என்று கேட்டால், "பார்க்கலாம்" என்பார். அந்தப் பார்க்கலாமுக்கு என்ன அர்த்தம் என்று கட்டிக்கொண்ட எனக்குத் தெரியாதா? யார் உழைத்தாலும், வண்டிக்காரர் "யாரு மாட்டினது?" என்று கேட்டால் "நான்தான்" என்று முந்திக்கொள்கிற மனுஷன் அவர்.

அன்று ஒரு வாடகைக் கார் பின்கண்ணாடி நொறுங்கி வந்தது. சாயங்காலம் எடுத்துக்கொள்வதாகச் சொல்லிவிட்டு டிரைவர் போய்விட்டார். "இதை அவகிட்ட குடுங்க. இல்லேன்னா நாளையிலேருந்து போனை நீங்களே எடுங்க" என்றேன். போன் என்றாலே அவருக்கு ஆகாது.

"சொதப்பினே, ஆயுசுக்கும் துடைப்பந்தான்" என்று தங்கையிடம் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவள் பழைய பசையை மெலிசாகச் சீவினாள். பசை நன்றாகப் பிடிக்க பிரைமர் தடவி, புதுப் பசையைச் சுற்றிலும் ஒரே கோடாக இழுத்தாள். ஒரு பக்கம் அவள், மறுபக்கம் நான் பிடித்துக் கண்ணாடியை இறக்கினோம். கச்சிதம்! பசை இறுகும்வரை உள்ளே காற்று அடைபடக் கூடாது என்று கதவுக் கண்ணாடிகளைக் கொஞ்சம் இறக்கி வைத்தாள்.

என் வீட்டுக்காரர் வந்து சுற்றிச் சுற்றிப் பார்த்தார். குறை ஒன்றும் அகப்படவில்லை. அவர் பசையெல்லாம் வருவதற்கு முன்னால், ரப்பர் வைத்துப் பொருத்திய நாளில் தொழில் பழகியவர். வேலை முடிந்தால் கதவுக் கண்ணாடிகளை எல்லாம் ஏற்றி, கதவை ஓங்கி அறைந்து "ஆச்சு!" என்பது அந்த நாள் பழக்கம். புதுப் பசைக்கு அது ஆகாது என்று அவருக்கும் தெரியும். கைக்குத்தான் தெரியவில்லை. ஏற்றினார், அறைந்தார், "ஆச்சு!" என்றார்.

அடைபட்ட காற்று புதுக் கண்ணாடியை முட்டித் தள்ளியது. அவள் குனிந்து பார்த்தாள். கீழ் மூலையில் பசை நகக்கண் அளவுக்கு வாய் பிளந்திருந்தது.

"மேலாக் கொஞ்சம் பசை வச்சு அமுக்கிடு. டிரைவருக்கா தெரியப்போவுது?" என்றார் அசடு வழிய.

"எனக்குத் தெரியுதேண்ணே. கழட்டி மறுபடி மாட்டணும்."

"கழட்டுறப்போ உடைஞ்சா? வேற கண்ணாடி கிடையாது!"

உடைந்தால் பழி யார் தலையில் விழும் என்று எங்கள் இருவருக்கும் தெரியும். துடைப்பம் மூலையில்தான் இருந்தது. அறைந்தது யார் என்று கேட்க நான் வாயைத் திறந்தேன். அவள் என் கையைப் பிடித்து அமுக்கினாள்.

"அண்ணே, அந்தப் பக்கம் நீங்க பிடிங்க. நான் சொல்றப்போ தூக்கினாப் போதும்."

அவர் என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். வேறு வழியில்லாமல் போய்ப் பிடித்தார். அவள் சொன்னபோது தூக்கினார், சொன்ன இடத்தில் வைத்தார். கண்ணாடியில் ஒரு கீறல்கூட இல்லை. அவள் பசையை முழுக்கச் சுரண்டி எடுத்துவிட்டு, முதலிலிருந்து எல்லாவற்றையும் மறுபடி செய்தாள்.

சாயங்காலம் தண்ணீர் பீய்ச்சிப் பார்த்தோம். ஒரு சொட்டு உள்ளே வரவில்லை. கண்ணாடியில் வாயால் ஊதி ஆவி படியவைத்து, அந்த ஆவியைப் போக்கும் ஹீட்டரைப் போட்டாள். கண்ணாடிக்குள் கம்பி ஓடிய இடமெல்லாம் கோடு கோடாகத் தெளிந்து வந்தது.

டிரைவர் விளிம்பைத் தடவிப் பார்த்தார். "பிரமாதம்! யாரு மாட்டினது?"

என் வீட்டுக்காரர் வாயைத் திறந்தார். நான் நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன்.

"என் தங்கச்சி" என்றார். "நான் அந்தப் பக்கம் பிடிச்சேன், அவ்வளவுதான். நாளைவரைக்கும் கதவை மட்டும் மெதுவாச் சாத்துங்க."