அப்பா வண்டியின் சைலன்சர்

காலை ஆறு மணிக்கும் ஏழு மணிக்கும் இடையில் எங்கள் தெருவில் முப்பத்தொரு மோட்டார் சைக்கிள்கள் போகின்றன. அவற்றில் நான்கின் சைலன்சர் கம்பெனி கொடுத்தது அல்ல. சென்ற மாதம் ஐந்தாவதாக ஒன்று சேர்ந்தது. அது என் பேரனுடையது. தேனியில் இத்தனை வீடுகள் இருக்க, அது என் ஜன்னலுக்குக் கீழேதான் நிற்கிறது.

பேரன் எனக்குப் பொறுமையாக விளக்கினான். புகை வெளியேறும் வழியை அகலப்படுத்தினால் காற்று உள்ளே வரும் வழியையும் அகலப்படுத்த வேண்டுமாம். காற்று கூடினால் பெட்ரோலையும் கூட்ட வேண்டுமாம். அதற்காக மதுரைக்குப் போய், வண்டியை லேப்டாப்பில் இணைத்துச் சரிபார்த்து வந்திருக்கிறான். “மூணுல ஒண்ண மட்டும் மாத்துனா வண்டி கெட்டுரும் தாத்தா” என்றான். இந்த மூன்றும் உன் அப்பன் பிறப்பதற்குப் பதினேழு வருஷம் முன்பே எனக்குத் தெரியும் என்றேன். அவன் நம்பவில்லை. சத்தத்தைப் பற்றி நான் சொல்லும் புகாரை மட்டும் வீட்டில் எல்லாரும் நம்புகிறார்கள். சத்தம் கேட்டதும் நான் ஜன்னலுக்குப் போய் நிற்பதை யாரும் கவனித்ததாகத் தெரியவில்லை.

எனக்கு அப்போது பத்து வயது நான்கு மாதம். குச்சனூருக்கு அந்தப் பக்கம், வாய்க்கால் பாய்ந்து நெல் விளையும் சிற்றூர் ஒன்றில் இருந்தோம். அப்பா போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலத்தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். சனிக்கிழமை பிற்பகல் வருவார். திங்கட்கிழமை விடியுமுன் போய்விடுவார். எத்தனை மணிக்கு வருவார் என்பதுதான் நிச்சயமில்லை. இரண்டரையாகவும் இருக்கலாம், ஆறாகவும் இருக்கலாம். மலையில் பெய்யும் மழையும் முதலாளியின் மனநிலையும் சேர்ந்து அதை முடிவு செய்தன.

வீட்டில் அப்பாவின் அக்கா, என் அத்தை, எங்களோடு இருந்தார். கணவரை இழந்து தம்பி வீட்டுக்கு வந்தவர். அப்பா வாசலில் கால் வைத்ததும் பையை வாங்குவது அத்தை, செம்பில் தண்ணீர் கொடுப்பது அத்தை, இளைத்துவிட்டாய் என்று வருத்தப்படுவதும் அத்தை. அம்மாவின் முறை நான்காவதாகவோ ஐந்தாவதாகவோ வரும். வண்டிச் சத்தம் பிள்ளையார் கோவில் முனைக்கு வந்த பிறகுதான் கேட்கும். அங்கிருந்து வாசலுக்குப் பன்னிரண்டு எண்ணலாம். அதற்குள் அம்மாவால் அடுப்படியிலிருந்து எழுந்து நிற்கத்தான் முடியும். கையில் மாவோ கரியோ இருக்கும். முந்தானையைச் சரிசெய்வதற்குள் அப்பா சாப்பிட உட்கார்ந்திருப்பார்.

அந்தக் கோடை விடுமுறையில் அப்பா வண்டியை மாமாவிடம் கொண்டுபோனார். மாமா அம்மாவின் தம்பி. போடியில் பட்டறை வைத்திருந்தார். பாரம் ஏற்றினால் மலையில் வண்டி திணறுகிறது என்பது அப்பாவின் குறை.

“மூக்கையும் அடச்சு, மேல போர்வையவும் போத்தி வச்சிருக்கீக மச்சான். பெறகு எப்புடி மலையேறும்?” என்றார் மாமா.

சைலன்சருக்குள் இருந்த தடுப்புத் தகடுகளை அறுத்து எடுத்தார். ஆறு தகடுகள். காற்று வடிகட்டும் பெட்டியைக் கழற்றிவிட்டு, கூம்பாக அடித்த அலுமினியக் குழாயைப் பொருத்தி, அதன் வாயில் கம்பிவலை வைத்தார். கார்புரேட்டரில் பெட்ரோல் வரும் ஜெட்டை எடுத்துவிட்டு அதைவிடப் பெரிய துளை உள்ள ஒன்றைப் போட்டார். பட்டறை வாசலிலேயே ஒரு மணி நேரம் உறுமவிட்டு, காதைச் சாய்த்துக் கேட்டுக் கேட்டுத் திருகினார். கடைசியில் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். பால் காப்பி நிறத்தில் இருந்தது. அந்த நிறம் வந்தால் காற்றும் பெட்ரோலும் சரியாகச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தமாம்.

சோதனைக்கு மூவரும் மலையேறினோம். நான் டாங்கின் மேல், அப்பா நடுவில், மாமா பின்னால். ஐந்தாவது வளைவு வரை வண்டி பறந்தது. ஆறாவதில் இருமியது. ஏழாவதில் கறுப்புப் புகை விட்டு நின்றது. மாமா முதலில் பெட்ரோலைத் திட்டினார், பிறகு அப்பாவின் கியர் போடும் முறையைத் திட்டினார். கடைசியில் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். கரி அப்பியிருந்தது. மேலே போகப் போகக் காற்று மெலிந்துபோகிறது. பெட்ரோலோ கீழே வைத்த அளவிலேயே வந்துகொண்டிருக்கிறது.

“போடியில நின்னுக்கிட்டு மெட்டுக்கு டியூனிங் பண்ணிருக்கேன் பாரு மாப்ள, எனக்கு மாலை போடணும்” என்று தலையில் அடித்துக்கொண்டார். கார்புரேட்டர் ஊசியில் ஐந்து வெட்டுகள் உண்டு. கொக்கியை மூன்றாவதிலிருந்து இரண்டாவதற்கு மாற்றிப் பெட்ரோலைக் குறைத்தார். அதற்குப் பிறகு வண்டி ஓரிடத்திலும் இருமவில்லை. போடிமெட்டுக்குப் பதினேழு வளைவு என்று எல்லாரும் சொல்வார்கள். என் எண்ணிக்கையில் பதினெட்டு வந்தது. அப்பா மறுத்துப் பேசவில்லை. அத்தனை சந்தோஷத்தில் இருந்தார்.

மாமாவைப் பட்டறையில் இறக்கிவிட்டு அப்பாவும் நானும் ஊருக்கு வந்தோம். வாய்க்கால் பாலத்தை நெருங்கியபோது அப்பா ஒரு காரியம் செய்தார். கியரைக் குறைத்து, ஆக்சிலேட்டரை ஒருமுறை முழுக்கத் திருகிவிட்டார். நாற்று வயலில் நின்ற கொக்குகள் ஒன்பதும் எழும்பிப் பறந்தன.

“ஏம்ப்பா, இங்கன மேடே இல்லையே?”

“எஞ்சின்ல கரி சேரும்லே. அப்பப்ப வெளிய தள்ளணும்” என்றார். சொல்லும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை.

அதற்கடுத்த மூன்று சனிக்கிழமைகளிலும் நான் வீட்டில் இருந்தபடியே கேட்டேன். ஒவ்வொரு முறையும் அதே பாலத்தில் அந்த உறுமல் எழுந்தது. கரி எப்படித் தவறாமல் அந்த இடத்துக்கு வரும்போதே சேருகிறது என்பது எனக்குப் பெரிய சந்தேகம். வீட்டுக்கு வந்திருந்த மாமாவிடம் கேட்டேன். அவர் சிரித்த சிரிப்பில் வாயிலிருந்த வெற்றிலை வெளியே வந்துவிட்டது. “ஒங்கப்பாவுக்குக் கரி அங்கனதான் மாப்ள சேரும். அதுக்கு என்கிட்ட மருந்து இல்ல” என்றார்.

பாலத்திலிருந்து எங்கள் வாசலுக்கு இப்போது நூற்றெண்பத்திரண்டு எண்ணலாம். நான் எண்ணினேன். எண்ணிக்கொண்டே அம்மாவையும் பார்த்தேன். பத்து எண்ணுவதற்குள் கையிலிருந்த வேலை கீழே இறங்கிவிடும். நாற்பதில் கொல்லையில் முகம் கழுவிக்கொண்டிருப்பாள். தொண்ணூறில் தலை வாரி முடித்திருப்பாள். நூற்றிருபதில் கண்ணாடி முன் பொட்டு. நூற்றைம்பதில் மாடத்தில் ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்த பூ தலைக்கு ஏறிவிடும். நூற்றெழுபதில் மீண்டும் அடுப்படியில், வாசலுக்கு முதுகைக் காட்டி, எதுவும் நடக்காதது போல உட்கார்ந்திருப்பாள். அப்பா உள்ளே வந்து நின்ற பிறகுதான் திரும்புவாள். “அட, வந்துட்டீகளா?” என்பாள். ஊரே கேட்ட சத்தம் இவளுக்கு மட்டும் எப்படிக் கேட்கவில்லை என்று எனக்கு எரிச்சலாக வரும். ஆனால் அந்தச் சனிக்கிழமைகளில் தண்ணீர்ச் செம்பு அம்மா கையில்தான் இருந்தது.

அத்தைக்கு அந்தச் சத்தம் பிடிக்கவில்லை. “ஏத்தா, ஒம் புருசன் வண்டி ஓட்டுறானா, கல்லுடைக்கிறானா?” என்று கேட்டுவிட்டு, நெற்றியில் தைலம் தடவுவார்.

“அத ஏன் கேக்குறீக மதினி. மண்டையப் பொளக்குது. நானும் ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் இந்தச் சத்தத்துல சாகத்தான் போறேன்” என்பாள் அம்மா. குழாயடியில் கேட்டவர்களிடமும் அதையே சொன்னாள். பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் இன்னும் விரிவாகச் சொன்னாள். எங்கள் பக்கத்தில், கல்யாணமானவள் தன் புருஷனின் எதையும் நாலு பேர் முன்னால் நன்றாக இருக்கிறது என்று சொல்ல மாட்டாள். சொன்னால் கண் பட்டுவிடும், அல்லது சிரிப்பார்கள். குறையாகச் சொன்னால் நாள் முழுக்க அதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கலாம். இது எனக்குப் பின்னாளில் தெரிந்தது. அப்போது எனக்குத் தெரிந்தது கூட்டல். அம்மா சொன்னதைக் கூட்டினேன். மண்டை பிளக்கிறது என்கிறாள்; சத்தம் கேட்டதும் ஓடிப்போய் முகம் கழுவுகிறாள். எனக்குத் தலைவலி வந்தபோதும் அம்மா அப்படித்தான் முகம் கழுவிவிட்டாள். விடை வந்துவிட்டது.

நான்காம் வாரம் ஞாயிற்றுக்கிழமை. அப்பா வேப்பமரத்தடியில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தார். நானே போய்ச் சொன்னேன். யாரும் என்னை அனுப்பவில்லை.

“அப்பா, அம்மாவுக்கு இந்தச் சத்தம் ஆகல. மண்டையப் பொளக்குதாம்.”

அப்பா சிரித்தார். “அத்தை சொல்லியிருக்கும்லே.”

“அத்தை ஆறு தடவ. அம்மா பதினோரு தடவ. நான் எண்ணுனேன்.”

துணி நின்றது. “பதினொண்ணா?”

“குழாயடியில நாலு. பக்கத்து வீட்டுல மூணு. மிச்சம் அத்தைகிட்ட.”

“அம்மாதானா? நல்லாக் கேட்டியா?”

“செத்துருவேன்னுகூடச் சொல்லுச்சு.”

அப்பா சைலன்சரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு துணியை மடித்து இருக்கைக்கு அடியில் வைத்தார். “சொன்னது நல்லதுலே” என்று என் தலையில் கை வைத்தார். எனக்குப் பெருமையாக இருந்தது. மறுநாள் அவர் விடியுமுன் கிளம்பியபோது வண்டியை வாசலில் உதைத்துக் கிளப்பவில்லை. பிள்ளையார் கோவில் முனைவரை தள்ளிக்கொண்டே போனார்.

அந்த வாரம் மாமாவின் பட்டறையில் பழைய சைலன்சர் ஒன்று வாங்கி மாட்டப்பட்டது. ஜெட்டும் காற்றுப் பெட்டியும் பழையபடி திரும்பின. மாமா முடியாது என்று சண்டை போட்டாராம். வண்டி திணறினால் திணறட்டும் என்று அப்பா சொல்லிவிட்டாராம்.

சனிக்கிழமை அம்மா கொல்லையில் புளிக்குக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தாள். மூன்று மணியிலிருந்து அவள் கை அடிக்கடி நின்றது. தலையைப் பாலத்தின் பக்கம் சாய்ப்பாள், பிறகு மீண்டும் தட்டுவாள். நாலேகாலுக்கு வாசலில் அத்தையின் குரல் கேட்டது. “வா ராசா. என்னடா இப்புடி எளச்சுட்ட? இரு, தண்ணி கொண்டாரேன்.”

அம்மா எழுந்தாள். கிழிந்த சேலை, கை முழுக்கப் புளி, கன்னத்தில் ஒரு தீற்று. கொல்லைக் கதவு வரை வந்து நின்றாள். அப்பா செம்பை வாயிலிருந்து எடுத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார். அம்மா கைகள் இரண்டையும் முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள்.

“சத்தமே கேக்கலையே” என்றாள்.

“மாத்திட்டேன். ஒனக்கு மண்டையப் பொளக்குதாம்ல. இவன்தான் சொன்னான், பதினோரு தடவயாம்.”

அம்மா என்னைப் பார்த்தாள். அடிக்கப் போகிறாள் என்றும் தோன்றியது, அழப் போகிறாள் என்றும் தோன்றியது. இரண்டும் நடக்கவில்லை. அத்தை, “அப்பாடா, இனி வீடு வீடா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே செம்பை வாங்கிப்போனார். அம்மா கை கழுவப் போய்விட்டாள். மாடத்தில் அந்தப் பூ ஈரத்துணிக்குள் அப்படியே இருந்தது. ஞாயிறு மாலை அதை அத்தை சாமி படத்துக்குப் போட்டார்.

அடுத்த சனிக்கிழமை அம்மா பகலிலிருந்தே வாசலுக்குப் போய்ப் போய் வந்தாள். பதினான்கு முறை. “என்னத்தா, வாசல்ல புதையலா இருக்கு?” என்று அத்தை கேட்ட பிறகு போகவில்லை. சத்தம் போன பிறகும் அம்மாவுக்கு எதுவோ சரியாகவில்லை என்று எனக்குப் பட்டது. எதையும் பாதியில் விடுவது என் வழக்கமில்லை. அடுப்படியில் போய்க் கேட்டேன். “இப்ப சத்தம் எப்புடிம்மா இருக்கு?”

“இப்பத்தான் நல்லாருக்கு” என்றாள், அடுப்பைப் பார்த்துக்கொண்டு.

வேப்பமரத்தடிக்குப் போய் அப்பாவிடமும் அதையே கேட்டேன்.

“இப்பத்தான்லே நல்லாருக்கு” என்றார், வண்டியைப் பார்த்துக்கொண்டு.

தனித்தனியாகக் கேட்டும் இருவரிடமிருந்தும் ஒரே விடை வந்ததால், கணக்கு சரியாகிவிட்டது என்று நம்பி, நான் விளையாடப் போனேன்.