அடுத்த மனையில் நின்று பூசிய சுவர்

திருமுல்லைவாயிலில் நான் வாங்கிய பழைய செங்கல் வீட்டின் வடக்குச் சுவரில் வெளிப்பூச்சு உதிர்ந்து, மழைத்தண்ணீர் படுக்கையறைக்குள் கசிந்தது. அந்தச் சுவரின் வெளிப்பக்கத்தை நான் பார்த்ததே இல்லை. அடுத்த வீட்டு மனைக்குள் நின்றால்தான் அது தெரியும். அந்த வீட்டு அம்மாவோ, வண்டி நிறுத்தும் தகராறில் என்னோடு பேச்சை நிறுத்தி மூன்று வருடமாகிறது. பூச்சு வேலைக்கு நான் அமர்த்திய கொத்தனாரே போய் அனுமதி கேட்டு வந்தார்.

ஒல்லியான மனிதர், புருவமெல்லாம் சிமெண்ட் தூசி. கொஞ்சம் பூசுவார். உடனே பின்னால் போய், அந்த அம்மாவின் சமையலறை ஜன்னலடியில் குந்திக்கொண்டு சுவரையே பார்ப்பார். எழுந்து வந்து மறுபடி தேய்ப்பார். இரண்டு நாள் வேலை நான்கு நாளானது. எனக்குப் பொறுக்கவில்லை. மொட்டைமாடியிலிருந்து எட்டிப் பார்த்துக் கத்தினேன்.

"தண்ணி உள்ள வராம இருந்தா போதாதாய்யா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். "உனுக்குப் போதும் சார். அந்தம்மா தெனிக்கும் ஜன்னலத் தொறந்தா இந்தச் செவுருதான கீது?"

நான் மாடியிலிருந்து இறங்கிவிட்டேன்.

இந்த மழைக்குப் படுக்கையறை காய்ந்தே இருக்கிறது. நேற்று அந்த அம்மா தன் கேட்டைத் திறந்து வைத்து, "செவுரு நல்லா வந்திருக்கு, வந்து பாருங்க" என்றார். உள்ளே போனேன். என் சுவரை முதல்முறையாக, கொத்தனார் குந்தியிருந்த இடத்தில் நின்று பார்த்தேன்.